ரூட் செய்த போனில் சிஸ்டம் ஃபோல்டர்களைத் திறப்பது எப்படி? முழு வழிகாட்டி

ரூட் செய்த, அதாவது சிஸ்டம் முழுவதையும் தொடும் உரிமை பெற்ற போனில் ஃபைல் மேனேஜரைக் கொண்டு செய்யும் வேலைகள் இரண்டு வகைதான். சிஸ்டம் ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும், தேவையானதை வெளியே காப்பி எடுப்பதும் ஒரு வகை. உள்ளே புகுந்து மாற்றி எழுதுவது இன்னொரு வகை. பார்க்கும் வேலையில் போன் படுத்துவிடுவது அபூர்வம். எழுதும் வேலையில் முக்கியமான ஒரே ஒரு ஃபைலின் அனுமதி எண் (யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்வது) தவறினாலும் போன் லோகோவைத் தாண்டாமல் நின்றுவிடலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே முறையில் போகிறது: பார்ப்பதை நேரடியாகச் செய்யுங்கள், சிஸ்டம் பகுதியில் எழுதுவதை மாட்யூல் (மூல ஃபைலைத் தொடாமல் மாற்றத்தைத் தனியே வைக்கும் தொகுப்பு) வழியாக மட்டும் செய்யுங்கள்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் வழக்கமாக மூன்று தேவைகளோடு வருகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பழைய போனில் இருக்கும் விளையாட்டு டேட்டாவைப் புதிய போனுக்குக் கொண்டுபோக வேண்டும். பிரான்சில் உறவினர் இருக்கும் புதுச்சேரி வீடுகளில் ஒரே போனில் இந்திய எண்ணுக்கு ஒன்று, பிரெஞ்சு எண்ணுக்கு ஒன்று என்று இரண்டு வாட்ஸ்அப் ஓடும். அந்த இரண்டாவது வாட்ஸ்அப்பின் படங்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று தெரிய வேண்டும். மூன்றாவது, போனில் வரும் தமிழ் எழுத்தின் வடிவத்தை மாற்ற வேண்டும். மூன்றுக்கும் கீழே வழி இருக்கிறது.

ஒரு குறிப்பு. ஃபோல்டர், ஃபைல் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். போனில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும். ‘>’ குறி வந்தால், ஒரு ஃபோல்டருக்குள் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்று பொருள்.

முதலில், ரூட் தேவையா?

2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11இலிருந்து, ஆண்ட்ராய்டு > டேட்டா ஃபோல்டரைச் சாதாரண ஃபைல் மேனேஜர் திறக்க முடியாதபடி கூகுள் பூட்டிவிட்டது. விளையாட்டு டேட்டா நிறைய இங்கேதான் இருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே ரூட் செய்யக் கிளம்புகிறவர்கள் உண்டு. வேண்டாம். போனைக் கேபிளில் கணினியோடு இணைத்தால் பல போன்களில் அந்த ஃபோல்டர் அப்படியே தெரியும். கணினி இல்லையென்றால் ஷிசுகு என்ற ஆப் இருக்கிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள வயர்லெஸ் டீபக்கிங் மூலம் ஆண்ட்ராய்டு 11க்கு மேல் அதைப் போனிலேயே தொடங்கிவிடலாம். ஷிசுகுவை ஆதரிக்கும் ஃபைல் மேனேஜர் அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டும். ரூட் இல்லை, பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பூட்டிய நிரல்) திறக்கவும் இல்லை.

ஆப்களின் சொந்த டேட்டா, சேமித்த வைஃபை விவரம், சிஸ்டம் எழுத்துரு, இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைல் ஆகியவற்றைத் தொட வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

கை வைக்கும் முன்

ரூட் செய்யப் பூட்லோடரைத் திறந்தாக வேண்டும். திறக்கும்போது போனில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும். சாம்சங்கில் கூடுதலாக ஒரு விஷயம்: நாக்ஸ் என்ற பாதுகாப்பின் உள்ளே ஒரு மின்னணு ஃபியூஸ் இருக்கிறது, அது ஒருமுறை போனால் போனதுதான். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் வராது. வங்கி ஆப்களும் யூபிஐ ஆப்களும் ரூட் செய்த போனில் வேலை செய்ய மறுக்கலாம். ஆகவே சம்பளம் வரும், பணம் அனுப்பும் போனை விட்டுவிடுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன்தான் இதற்குச் சரி.

உங்கள் போன் மாடலுக்கும் அதில் இப்போது ஓடும் பதிப்புக்கும் பொருந்தும் முழு ஃபர்ம்வேரை, அதாவது போன் நிறுவனம் தரும் சிஸ்டம் மென்பொருளை, கணினியில் இறக்கி வையுங்கள். அதிலுள்ள மாற்றப்படாத பூட் இமேஜை (போனைத் தொடங்கும் பகுதியின் ஃபைல்) தனியாக எடுத்து வையுங்கள். ஆண்ட்ராய்டு 13உடன் விற்பனைக்கு வந்த போன்களிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் பெரும்பாலும் இனிட்_பூட் என்ற இமேஜ்தான் தேவைப்படும். படங்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் போனுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும்.

நம் ஊருக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. இப்படிப்பட்ட இரவுகளில் கையில் இருக்கும் போன்தான் துணை. ஐப்பசி, கார்த்திகையில் எச்சரிக்கைக் கொடி ஏறியிருக்கும் நாளில் சிஸ்டம் ஃபைலைத் தொடாதீர்கள். மின்சாரம் போய்விட்டால் கணினியும் இல்லை, போனை மீட்கவும் வழி இருக்காது.

கைமாறி வாங்கிய போன் ஏற்கெனவே ரூட் ஆகியிருந்தால், அதன் மேலேயே வேலையைத் தொடங்காதீர்கள். முன்பு வைத்திருந்தவர் எந்த ஆப்புக்கு என்ன அனுமதி கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. முழு ஃபர்ம்வேரை ஏற்றி, சுத்தமாக்கி, நீங்களே ரூட் செய்யுங்கள்.

எந்த ஃபைல் மேனேஜர்?

ரூட் அனுமதி பெற்ற ஆப் போனில் எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம். அதனால் ஆப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த வேலையில் முதல் பாதுகாப்பு. ஒரு காலத்தில் எல்லோர் போனிலும் இருந்த இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆப் திறந்திருக்கும்போது அதே வைஃபையில் இருக்கும் வேறொருவர் போனிலுள்ள ஃபைல்களை எடுத்துவிடக்கூடிய ஓட்டை 2019இல் வெளியே வந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. இன்றும் அதன் பழைய ஏபிகே (ஆப்பை நிறுவும்) ஃபைலை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ரூட் போனில் அதை வைக்கவே வைக்காதீர்கள்.

நான் பரிந்துரைப்பது மெட்டீரியல் ஃபைல்ஸ். இலவசம், விளம்பரம் இல்லை, மூலநிரல் திறந்திருக்கிறது, எஃப்-ட்ராய்டு என்ற திறந்தமூல ஆப் கடையிலும் ப்ளே ஸ்டோரிலும் கிடைக்கிறது. ஒரு ஃபைலின் உரிமையாளர், அனுமதி எண், எஸ்இலினக்ஸ் முத்திரை (ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு அமைப்பு ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒட்டும் குறி) மூன்றையும் ஒரே பக்கத்தில் காட்டுவது இதன் பெரிய பலம். அது ஏன் முக்கியம் என்று பின்னால் தெரியும். மிக்ஸ்ப்ளோரரில் வசதிகள் இன்னும் அதிகம், பழகக் கொஞ்சம் நாளாகும். சாலிட் எக்ஸ்ப்ளோரர் பார்க்க அழகு, சோதனைக் காலம் முடிந்தால் காசு கேட்கும். மூன்றில் எது என்றாலும் ஒன்றுக்கு மட்டும் ரூட் அனுமதி கொடுங்கள்.

அனுமதி கொடுப்பது

உங்கள் போனில் மேஜிஸ்க் என்ற ரூட் ஆப் மூலம் ரூட் செய்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். மெட்டீரியல் ஃபைல்ஸின் செட்டிங்ஸில் ரூட் அணுகல் என்ற பகுதியைப் பாருங்கள். அதை இயக்கிவிட்டுப் பக்கவாட்டு மெனுவில் ரூட் டைரக்டரியைத் தொட்டு, உள்ளே டேட்டா ஃபோல்டரைத் திறந்தால், அனுமதிக்கலாமா என்று மேஜிஸ்க் ஒரு பெட்டியைக் காட்டும். பத்து விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் மறுத்ததாக எடுத்துக்கொள்ளும். “ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது” என்று வரும் புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அப்படி ஆனால் மேஜிஸ்கைத் திறந்து சூப்பர்யூசர் பக்கத்தில் அந்த ஆப்பின் எதிரே உள்ள பொத்தானை இயக்கி, ஃபைல் மேனேஜரை முழுவதுமாக மூடி மறுபடி திறங்கள். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் வசதியையும் செட்டிங்ஸில் இயக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

இப்போது தெரிவது முழுச் சேமிப்பகத்தின் வேர்ப்பகுதி. நீங்கள் தினமும் பார்க்கும் படங்களும் டவுன்லோடுகளும் இருக்கும் இடம் உண்மையில் டேட்டா > மீடியா > 0. எஸ்டிகார்டு என்று தெரிவது அதற்குப் போகும் குறுக்குவழிதான், மெமரி கார்டு இல்லை.

அந்த 0 என்பது போனின் முதல் பயனரைக் குறிக்கும். இரண்டு வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்கான விடை இங்கேதான் இருக்கிறது. ஒரே ஆப்பை இரண்டாகப் பிரிக்கும் வசதியை ஷாவ்மி போன்கள் 999 என்ற எண்ணுள்ள பயனராகவும், சாம்சங் போன்கள் 95 என்ற எண்ணுள்ள பயனராகவும் வைத்திருக்கின்றன. டேட்டா > மீடியா > 999 அல்லது 95க்குள் போய், ஆண்ட்ராய்டு > மீடியா வழியாக வாட்ஸ்அப் ஃபோல்டரைத் திறந்தால் பிரெஞ்சு எண்ணுக்கு வந்த படங்கள் எல்லாம் அங்கே இருக்கும். அங்கிருந்து வெளியே காப்பி எடுங்கள், அங்கேயே எதையும் அழிக்காதீர்கள்.

டேட்டா > டேட்டா என்பது ஒவ்வொரு ஆப்பும் தனக்கென்று வைத்திருக்கும் அறை. அதற்குள் டேட்டாபேசஸ், ஷேர்டு_ப்ரெஃப்ஸ், ஃபைல்ஸ், கேஷ் என்ற ஃபோல்டர்கள் திரும்பத் திரும்ப வரும். டேட்டா > ஆப் என்பதில் நீங்கள் நிறுவிய ஆப்களின் ஏபிகே ஃபைல்கள். டேட்டா > ஏடிபி என்பது மேஜிஸ்கின் இடம். சிஸ்டம், வெண்டார், ப்ராடக்ட் மூன்றும் போன் நிறுவனம் தந்த மென்பொருள். ப்ராக், சிஸ் இரண்டும் சேமிப்பில் இருக்கும் ஃபைல்களே இல்லை, சிஸ்டத்தின் மையமான கெர்னல் அந்தந்த நேரத்தில் காட்டும் விவரங்கள். தேவ் > ப்ளாக் பக்கம் போகவே வேண்டாம். போனின் பகிர்வுகள் (சேமிப்பகத்தின் பிரிவுகள்) அத்தனையும் அங்கே ஃபைல் போலத் தெரியும், ஒன்றின் மேல் தவறாக எழுதினால் ஐஎம்இஐ எண்ணைக்கூட இழக்க நேரலாம்.

பார்த்துப் பழக ஒரு பயிற்சி

உங்கள் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைத் தேடிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் 10 வரை டேட்டா > மிஸ்க் > வைஃபை ஃபோல்டரிலும், 11இலிருந்து டேட்டா > மிஸ்க் > அபெக்ஸ்டேட்டா என்பதற்குள் வைஃபை என்ற சொல்லோடு முடியும் ஃபோல்டரிலும் வைஃபைகான்ஃபிக்ஸ்டோர் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். அதை அங்கேயே திறக்காமல் டவுன்லோட் ஃபோல்டருக்குக் காப்பி செய்து, காப்பியைத் திறங்கள். ப்ரீஷேர்டுகீ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பாஸ்வேர்டு இருக்கும். பார்த்து முடித்ததும் காப்பியை அழித்துவிடுங்கள், ஏனென்றால் டவுன்லோட் ஃபோல்டரைப் படிக்கும் உரிமை பல ஆப்களுக்கு இருக்கலாம். காப்பி எடுத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும்.

ஆப் டேட்டாவை எடுப்பதும் திரும்ப வைப்பதும்

எடுப்பது சுலபம். டேட்டா > டேட்டாவில் அந்த ஆப்பின் ஃபோல்டரை அப்படியே வெளியே காப்பி செய்தால் முடிந்தது. திரும்ப வைக்கும்போதுதான் சிக்கல். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்பையும் தனி ஆளாகப் பார்க்கிறது. யூ0_ஏ215 என்பது போன்ற பெயரை, அதாவது 10215 என்ற எண்ணை, நிறுவும்போதே ஒதுக்குகிறது. ஆப்பை நீக்கி மறுபடி நிறுவினால் எண் மாறிவிடலாம். ரூட் ஃபைல் மேனேஜர் திரும்ப வைக்கும் ஃபைல்களோ ரூட்டின் பெயரில் விழும். ஆப் தன் ஃபைலையே திறக்க முடியாமல் உடனே மூடிக்கொள்ளும்.

சரியான வரிசை இது. ஆப்பை நிறுவி ஒருமுறை திறந்து மூடுங்கள். செட்டிங்ஸில் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுங்கள். டேட்டா > டேட்டாவில் அதன் ஃபோல்டர் யார் பெயரில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பழைய ஃபைல்களை உள்ளே காப்பி செய்து, அவற்றின் உரிமையாளரையும் குழுவையும் குறித்து வைத்த பெயருக்கு மாற்றுங்கள். கேஷ் ஃபோல்டரைத் தொட வேண்டியதில்லை. கடைசியாக எஸ்இலினக்ஸ் முத்திரையை மீட்டமைக்கும் வசதியைக் கொடுங்கள். மெட்டீரியல் ஃபைல்ஸில் ஃபைலின் பண்புகள் பக்கத்திலேயே இவை இருக்கின்றன.

நிறைய ஆப்கள் என்றால் கையால் செய்யாதீர்கள். நியோ பேக்கப் என்ற திறந்தமூல ஆப் இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். எதை வைத்துச் செய்தாலும் வங்கி ஆப்களும் சிக்னல் போன்றவையும் திரும்ப வராது. அவற்றின் சாவி போனின் கீஸ்டோர் என்ற சாவிப் பெட்டகத்தில் பூட்டியிருக்கிறது, ஃபைலை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் பயன் இல்லை.

எழுதுவது: தமிழ் எழுத்துருவை மாற்றிப் பார்ப்போம்

பழைய வழிகாட்டிகள் எல்லாம் “ரீட்-ரைட் ஆக மவுண்ட் செய்யுங்கள், ஃபைலை மாற்றுங்கள்” என்று சொல்லும். ஆண்ட்ராய்டு 9 வரை வந்த போன்களில் அது பெரும்பாலும் நடந்தது. ஆண்ட்ராய்டு 10உடன் வந்த போன்களிலிருந்து சிஸ்டம் பகுதி சூப்பர் என்ற பெரிய பகிர்வுக்குள் இடைவெளி இல்லாமல் அடைக்கப்பட்டிருக்கிறது. இப்போதைய போன்கள் பலவற்றில் அது ஈரோஎஃப்எஸ் என்ற வகையில் இருக்கிறது, அதன் மேல் எழுத வழியே கிடையாது. அப்படியே எழுதிவிட்டாலும், பூட் ஆகும்போது நடக்கும் சரிபார்ப்பு மாற்றத்தைக் கண்டுபிடித்துப் போனை நிறுத்திவிடக்கூடும். ஆகவே “ரீட்-ஒன்லி” என்று பிழை வந்தால் ஃபைல் மேனேஜரைக் குறை சொல்லி வேறொன்றைத் தேடாதீர்கள்.

மேஜிஸ்க் 2016இல் கொண்டுவந்த வழி வேறு. மூல ஃபைலை அது தொடுவதில்லை. மாற்று ஃபைலை டேட்டா பகுதியில் வைத்துக்கொண்டு, போன் ஆன் ஆகும்போது மூல ஃபைலின் மேல் ஒரு கண்ணாடித் தாள் போல விரிக்கிறது. தாளை எடுத்துவிட்டால் பழையது அப்படியே இருக்கும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். அது யூனிகோடு எழுத்துருவாக இருக்க வேண்டும். நம் ஊர் டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகைக்கும் போஸ்டருக்கும் பயன்படுத்தும் பழைய எழுத்துருக்கள் பல வேறு குறியீட்டில் இருக்கின்றன, போனில் வைத்தால் தமிழ் தெரியாது. மீரா இனிமை, கட்டமரான், முக்தா மலர் மூன்றும் யூனிகோடு, மூன்றும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை. நீண்ட நேரம் படிக்க எனக்குப் பிடித்தது முக்தா மலர்.

1. சிஸ்டம் > ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து தமிழ் என்ற சொல் உள்ள ஃபைல்களைத் தேடுங்கள். பல போன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ, நோட்டோ செரிஃப் தமிழ் என்று இருக்கும். சில நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் வைத்திருக்கும். பெயர்களை எழுத்து பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள், ஃபைல்களைக் காப்பி எடுத்துக் கணினியில் வையுங்கள்.

2. டேட்டா > ஏடிபி > மாட்யூல்ஸ் என்பதற்குள் ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாத பெயரில் ஒரு புதிய ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் சிஸ்டம், அதற்குள் ஃபான்ட்ஸ்.

3. புதிய எழுத்துருவை அங்கே காப்பி செய்து, பழைய ஃபைலின் பெயரையே அதற்கு வையுங்கள். மெனுக்களில் வருவது யூஐ என்று முடியும் எழுத்துரு. அதனால் சான்ஸ், யூஐ இரண்டின் பெயரிலும் ஒவ்வொரு பிரதி வேண்டும். வெட்டி ஒட்டாதீர்கள், காப்பிதான் செய்ய வேண்டும். காப்பி செய்தால் ஃபைல் புதிய இடத்தின் எஸ்இலினக்ஸ் முத்திரையை வாங்கிக்கொள்ளும், நகர்த்தினால் பழைய இடத்தின் முத்திரையோடு வந்து நிற்கக்கூடும்.

4. நீங்கள் உருவாக்கிய ஃபோல்டரில் மாட்யூல்.ப்ராப் என்ற ஃபைலை எழுதுங்கள். ஆறு வரி: ஐடி, நேம், வெர்ஷன், வெர்ஷன்கோட், ஆத்தர், டிஸ்கிரிப்ஷன். ஒவ்வொன்றுக்கும் பின் சமக்குறி, அப்புறம் மதிப்பு. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, வெர்ஷன்கோடில் நடுவே வரும் சி மட்டும் பெரிய எழுத்து. ஐடி ஃபோல்டரின் பெயராகவே இருக்கட்டும். வெர்ஷன்கோடுக்கு முழு எண் மட்டும்.

5. அனுமதிகளைப் பாருங்கள். ஃபைல்களுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755, உரிமையாளரும் குழுவும் ரூட்.

6. போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மேஜிஸ்கின் மாட்யூல்ஸ் பக்கத்தில் உங்கள் மாட்யூல் தெரியும். வாட்ஸ்அப்பைத் திறந்து எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

644 என்றால் உரிமையாளர் படிக்கவும் எழுதவும் முடியும், மற்றவர்கள் படிக்க மட்டும். படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று கூட்டிப் பார்த்தால் எந்த எண்ணும் புரியும். ஃபோல்டருக்குள் நுழைய இயக்கும் உரிமை வேண்டும் என்பதால்தான் அதற்கு 755. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 777 போடச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், அது எல்லோருக்கும் எழுதும் உரிமையைத் திறந்துவிடுகிறது.

விளம்பரத் தளங்களைத் தடுக்க ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்ற விரும்பினால் மேஜிஸ்கின் செட்டிங்ஸில் சிஸ்டம்லெஸ் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைத் தொட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். போன் நிறுவனம் திணித்த ஆப்களை நீக்க சிஸ்டம் > ஆப் ஃபோல்டரில் கை வைக்கவே வேண்டாம். கணினியிலிருந்து ஏடிபி என்ற கட்டளைக் கருவி மூலம் போனின் முதல் பயனருக்கு மட்டும் நீக்கிவிடலாம். அதற்கு ரூட் கூடத் தேவையில்லை, வேண்டுமென்றால் திரும்பக் கொண்டுவரவும் முடியும்.

போன் லோகோவிலேயே நின்றுவிட்டால்

பதற வேண்டாம், முழுவதும் அழிக்கவும் அவசரப்பட வேண்டாம். போனை அணைத்து ஆன் செய்து, லோகோ வந்ததும் வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடித்துச் சேஃப் மோடுக்குள் போகப் பாருங்கள். சேஃப் மோடைக் கண்டதும் மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிடும். பிறகு சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தாலும் அவை முடங்கியே இருக்கும். ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் எது காரணம் என்று பிடிபடும்.

அது முடியாவிட்டால், தொடக்கத்தில் கணினியில் வைத்த பூட் இமேஜுக்கு இப்போது வேலை வரும். ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து போனுக்கு இமேஜை ஏற்றும் முறை) அதை ஏற்றினால் மேஜிஸ்கே இல்லாமல் போன் எழும், மாட்யூல் எதுவும் ஏறாது, உங்கள் டேட்டா அப்படியே இருக்கும். சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட் கிடையாது, ஓடின் என்ற கணினி மென்பொருள் வழியாக ஏற்ற வேண்டும். சிஸ்டம் பகுதியில் நேரடியாக எழுதியிருந்தால் இந்த வழி உதவாது, முழு ஃபர்ம்வேரையும் ஏற்ற வேண்டியதுதான்.

வேலை முடிந்த பிறகு

மேஜிஸ்கின் சூப்பர்யூசர் பக்கத்தில் ஃபைல் மேனேஜருக்கான அனுமதியை அணைத்துவிடுங்கள். அடுத்த முறை தேவைப்படும்போது இயக்கிக்கொள்ளலாம். குழந்தைகள் எடுத்து விளையாடும் போன் என்றால் இது கட்டாயம்.

சிஸ்டம் அப்டேட் வந்தால், அதை ஏற்றும் முன் எழுத்துரு மாட்யூலை முடக்குங்கள். அப்டேட்டுக்குப் பிறகு வழக்கமாக ரூட் போய்விடும், டேட்டா > ஏடிபிக்குள் மாட்யூல் மட்டும் காத்திருக்கும். புதிய பதிப்பின் பூட் இமேஜை எடுத்து மறுபடி ரூட் செய்ததும் சிஸ்டம் > ஃபான்ட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டின் பெரிய பதிப்பு மாறும்போது எழுத்துரு ஃபைல்களின் பெயரும் மாறக்கூடும். மாறியிருந்தால் மாட்யூலில் உள்ள பெயரையும் அதற்கேற்ப மாற்றிவிட்டு இயக்குங்கள்.